ஃபிராங்க்ளின் அனுப்பிய ‘சீனத்துக் கடலை’

இன்னிக்கு ஒரே ஒரு கடிதத்தைப் பத்திப் பேசப்போறோம்.

தேதி 1770 ஜனவரி 11. எழுதப்பட்ட இடம் லண்டன். போய்ச் சேர வேண்டிய ஊர், அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஃபிலடெல்ஃபியா. எழுதியவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். பேரைக் கேட்டதும் பட்டம், மின்னல், இடிதாங்கி எல்லாம் ஞாபகம் வரும். இல்லைன்னா நூறு டாலர் நோட்டு. அந்த மனுஷன் இந்தக் கடிதத்துல மின்சாரத்தைப் பத்தி எதுவும் எழுதல. விதைகளைப் பத்தி எழுதியிருக்கார். கூடவே, பால் சேர்க்காம ஒரு பயறுலேர்ந்து செய்யுற ‘சீஸ்’ பத்தியும் எழுதியிருக்கார். அதுக்கு அவர் கொடுத்திருக்கிற பேரு ‘டௌ-ஃபு’.

ஆமா, டோஃபுதான். ஒரு அமெரிக்கர் டோஃபுவைப் பத்தி எழுதினதுல இப்போ கிடைக்கிற மிகப் பழைய எழுத்துன்னு இந்தக் கடிதத்தைத்தான் சொல்றாங்க. இதை வச்சு இணையத்துல ஒரு வரி ரொம்ப வருஷமா சுத்துது: “அமெரிக்காவுக்கு சோயாவைக் கொண்டுவந்தவர் ஃபிராங்க்ளின்.” அது தப்பு. எப்படித் தப்புன்னு பார்க்கப் போனா, கடிதத்தை விட சுவாரஸ்யமான சில மனுஷங்க வெளியே வர்றாங்க. அதுல ஒருத்தருக்குத் தலையே போயிருக்கு.

முதல்ல, கடிதம் யாருக்குன்னு பார்த்துடுவோம். ஜான் பார்ட்ரம். 1699-ல பிறந்தவர். ஃபிலடெல்ஃபியா பக்கத்துல, ஸ்கூல்கில் ஆத்தங்கரையில 1728-ல நிலம் வாங்கி விவசாயம் பார்த்தவர். பெரிய படிப்பு கிடையாது. ஆனா செடி மேல அப்படி ஒரு பித்து. குதிரையில ஏறி வாரக்கணக்கா காட்டுக்குள்ள போவார், யாரும் பார்க்காத மரம் செடியோட விதையைப் பொறுக்கிட்டு வருவார். அந்த விதைகளுக்கு லண்டன்ல ஒரு வாடிக்கையாளர் இருந்தார். துணி வியாபாரி, பேரு பீட்டர் காலின்சன். பார்ட்ரம் ஒரு மரப்பெட்டியில சுமார் 100 வகை விதைகளை அடுக்கி அனுப்புவார். காலின்சன் அதை இங்கிலாந்துப் பிரபுக்கள்கிட்ட பெட்டி 5 கினின்னு விற்றுக் கொடுப்பார். அங்கத்திய பெரிய வீட்டுத் தோட்டங்கள்ல அமெரிக்க மரங்கள் நிற்குதுன்னா, அதுல பலதும் இந்தப் பெட்டிகள்ல போனது. 1765-ல மன்னர் மூன்றாம் ஜார்ஜ், பார்ட்ரமைத் தன்னோட தாவரவியலாளரா நியமிச்சு, வருஷத்துக்கு 50 பவுண்டு சம்பளம் போட்டார்.

இதுல ஒரு சமாச்சாரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஃபிராங்க்ளின் மின்சார ஆராய்ச்சியில இறங்கினதுக்கும் இதே காலின்சன்தான் காரணம். 1740-கள்ல ஃபிலடெல்ஃபியா நூலகத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் அனுப்பி வச்சார், தேய்ச்சா மின்சாரம் உண்டாகிற குழாய். ஃபிராங்க்ளின் அதை வச்சு சோதனை பண்ணி, என்னென்ன நடந்ததுன்னு காலின்சனுக்கே கடிதம் கடிதமா எழுதினார். அந்தக் கடிதங்கள்தான் 1751-ல புத்தகமா வந்து, அவரை ஐரோப்பா முழுக்கத் தெரிய வச்சது. அதாவது விதை போன அதே கப்பல், அதே துணி வியாபாரி, அதே தபால் வழியாத்தான் மின்சாரமும் போயிருக்கு. ‘கண்டுபிடிப்பாளருக்கு விதையில என்ன வேலை’ன்னு நமக்குத் தோணுது. அவங்களுக்கு அது தனித்தனித் துறையாவே தெரியல. 1743-ல அமெரிக்கத் தத்துவக் கழகத்தைத் தொடங்கினபோதும் ஃபிராங்க்ளினும் பார்ட்ரமும் ஒண்ணாத்தான் இருந்தாங்க.

1768-ல காலின்சன் இறந்துட்டார். அப்போ ஃபிராங்க்ளின் லண்டன்லதான் இருக்கார், அமெரிக்கக் காலனிகளோட பிரதிநிதியா. நண்பருக்காக அந்த விதை வேலையையும் அவரே கையில எடுத்துக்கிட்டார்.

இப்போ கடிதத்துக்கு வருவோம். நவம்பர் 29-ம் தேதி பார்ட்ரம் எழுதின கடிதமும் ஒரு விதைப் பொட்டலமும் வந்து சேர்ந்ததுன்னு ஆரம்பிக்கிறார். ஆறே வாரம். பாய்மரக் கப்பல் காலத்துக்கு அது நல்ல வேகம். நீங்க கொடுத்ததுக்கு ஈடா என்னால திருப்பித் தர முடியாதுன்னு சொல்லிட்டு, பதிலுக்கு மூணு அனுப்புறார்.

முதலாவது, பார்ட்ரம் கேட்டிருந்த அசல் ரூபார்ப் விதை. நம்ம நாட்டு மருந்துக் கடையில ரேவல்சின்னிக் கிழங்குன்னு கொடுப்பாங்களே, அந்தக் குடும்பம். ‘சின்னி’ன்னாலே சீனத்துதுன்னு அர்த்தம், பாரசீகம் வழியா நமக்கு வந்த பேரு. பேதி மருந்துங்க அது. ஐரோப்பாவே அதுக்கு அலைஞ்ச காலம், சீனாவுலேர்ந்து ரஷ்யா வழியா வந்துச்சு, விலை எகிறிக் கிடந்துச்சு. இங்கிலாந்திலேயே வளர்த்துக் காட்டினா மெடல் தர்றோம்னு கலைக் கழகம் அறிவிச்சிருந்தது. அப்படி மெடல் வாங்கின இங்கிலிஷ் என்பவர்கிட்ட இருந்து வாங்கின விதை இதுன்னு ஃபிராங்க்ளின் பேரோட எழுதியிருக்கார். ரெண்டாவது, சூப்புக்கு நல்லா இருக்கும்னு லண்டன்ல பேர் வாங்கின காய்ந்த பச்சைப் பட்டாணி. மூணாவதுதான் நம்ம ஆளு: ‘சீனத்து கேரவன்ஸ்’.

கேரவன்ஸ்னா? ஸ்பானிஷ்ல ‘கார்பான்சோ’. அதாவது கொண்டைக்கடலை. ஆங்கிலேயக் கப்பல்காரங்க அந்தச் சொல்லை எடுத்து, போற ஊர்ல எல்லாம் பார்க்கிற பயறுக்கு எல்லாம் அதையே வச்சுட்டாங்க. சோயாவுக்கு ஆங்கிலத்துல அப்போ ஒரு நிலையான பேரே கிடையாது. அதனால அது ‘சீனத்துக் கடலை’ ஆயிடுச்சு. நம்ம ஊர்ல சோயா உருண்டைக்கு எல்லாரும் ‘மீல் மேக்கர்’னு ஒரு பிராண்டு பேரையே வச்சுக்கிட்ட மாதிரி.

ஃபிராங்க்ளினுக்கு இதுல ஆர்வம் வந்தது ஒரு பழைய புத்தகத்தால. 17-ம் நூற்றாண்டுல சீனாவுல பல வருஷம் இருந்த ஸ்பானிஷ் பாதிரியார் தோமிங்கோ நவரேத்தே எழுதினது. 1676-ல மாட்ரிட்ல வெளியாச்சு, அப்புறம் ஆங்கிலத்துலயும் வந்துச்சு. சீனாவுல சக்கரவர்த்தியிலேர்ந்து ஏழை எளியவன் வரைக்கும் சாப்பிடுற மலிவான பொருள்னு டோஃபுவை அவர் வர்ணிச்சிருந்தார். ஃபிராங்க்ளினுக்குக் கை சும்மா இருக்குமா? இதை எப்படிச் செய்யுறாங்கன்னு தெரிஞ்சுக்கணும். சீனாவுல பல வருஷம் இருந்த ஒருத்தர்கிட்ட விசாரிக்கச் சொல்றார். அவர் ஜனவரி 3-ம் தேதி பதில் எழுதுறார். பயறை வெதுவெதுப்பான தண்ணியில 10, 12 மணி நேரம் ஊற வைக்கணும், கல் எந்திரத்துல தண்ணி விட்டு அரைக்கணும், துணியில வடிகட்டணும், அடுப்புல வச்சு கெட்டியாகிற வரைக்கும் கிளறணும், அடியில துணி கட்டின சட்டத்துல ஊத்தி தண்ணியை வடிய விடணும். மாவு அரைச்ச வீட்டுல வளர்ந்தவங்களுக்கு இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லை. ஆனா 1770 லண்டனுக்கு இது புதுசு. எட்டே நாள்ல ஃபிராங்க்ளின் இந்தக் குறிப்பையும் பார்ட்ரமுக்கு விதையோட சேர்த்து அனுப்பிடுறார்.

குறிப்புக்குக் கீழ தன் பங்குக்கு ஒரு வரி சேர்க்கிறார். பிறகு தெரிஞ்சுக்கிட்டேன், மாவு கலந்த தண்ணியைத் திரிய வைக்க ‘உப்போட வடிநீர்’ மாதிரி ஏதோ ஒண்ணு சேர்க்கிறாங்களாம், அது அநேகமா ரென்னெட்டா இருக்கும்னு நினைக்கிறேன், அப்படிங்கிறார். ரென்னெட்னா கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கிறது, ஐரோப்பாவுல சீஸ் செய்யப் பாலை உறைய வைக்கிற பொருள்.

இங்கதான் மாமேதை சறுக்கிட்டார். அவருக்குத் தகவல் சொன்ன ஆள் சரியாத்தான் சொல்லியிருக்கார். தூத்துக்குடி பக்கம் உப்பளம் பார்த்திருக்கீங்களா? உப்பை வாரின பிறகு பாத்தியில ஒரு கசப்புத் தண்ணி மிஞ்சும். அதுல மெக்னீசியம் குளோரைடு இருக்கு. சோயா பாலைத் திரிய வைக்கிறது அதுதான். ஜப்பான்ல அதுக்கு ‘நிகாரி’ன்னு பேரு, இன்னிக்கும் டோஃபு அதுலதான் செய்யுறாங்க. சீனாவுல பல இடங்கள்ல ஜிப்சம் சேர்ப்பாங்க. ஆக ‘உப்போட வடிநீர்’ங்கிறது அச்சு அசலான உண்மை. சீஸ்னா ரென்னெட் இருக்கணுமேங்கிற நினைப்புல ஃபிராங்க்ளின் அதைத் ‘திருத்தி’, தப்பாக்கிட்டார். அவரைக் கேலி பண்ணணும்னு சொல்லல. ‘நான் நினைக்கிறேன்’னு தெளிவாப் போட்டு, கேட்டது எது, தன் ஊகம் எதுன்னு பிரிச்சு எழுதியிருக்கார் பாருங்க, அதனாலதான் 250 வருஷம் கழிச்சு நம்மால அந்தத் தப்பையே கண்டுபிடிக்க முடியுது. இந்தப் பயறு நம்ம ஊர்லயும் இருக்குன்னு நினைக்கிறேன், ஆனா அது இதேதானான்னு தெரியலைன்னும் எழுதியிருக்கார். இதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

சரி, அந்தச் செய்முறையை எழுதிக் கொடுத்தது யாரு? ஜேம்ஸ் ஃபிளின்ட். கிழக்கிந்தியக் கம்பெனி ஆள். சீன மொழி பேச, எழுதக் கத்துக்கிட்ட முதல் ஆங்கிலேயர்கள்ல ஒருத்தர். சின்ன வயசிலேயே அதுக்காகச் சீனாவுல விடப்பட்டவர். 1757-ல சீனப் பேரரசர் சியன்லாங், வெளிநாட்டுக் கப்பல்கள் கான்டன் துறைமுகத்துக்கு மட்டும்தான் வரலாம்னு உத்தரவு போட்டார். கான்டன்ல சுங்க அதிகாரிகள் லஞ்சம் வாங்கித் தாளிக்கிறாங்கன்னு கம்பெனிக்கு ஏற்கனவே புலம்பல். 1759-ல ஃபிளின்ட் தடையை மீறி வடக்கே தியான்ஜின் வரைக்கும் கப்பல்ல போய், பேரரசருக்கு நேரா ஒரு மனு கொடுத்தார், சீன மொழியிலேயே.

மனு வேலை செஞ்சுச்சு. விசாரணை நடந்து, கான்டன் சுங்கத் தலைமை அதிகாரியின் பதவி போச்சு. ஆனா தடையை மீறினதுக்காக ஃபிளின்ட்டுக்கு மக்காவுல மூணு வருஷக் காவல், அப்புறம் நாடு கடத்தல். அந்த மனுவை எழுத அவருக்கு உதவின சீனர் ஒருத்தர் இருந்தார், லியு யாபியன். அவர் தலையை வெட்டிட்டாங்க. சீனர்கள் வெளிநாட்டுக்காரங்களோட பழகுறதுக்கு அதுக்கப்புறம் விதிகள் இன்னும் இறுகிப்போச்சு.

இந்தப் பின்னணியோட கடிதத்தைத் திரும்பப் படிச்சுப் பாருங்க. ஃபிராங்க்ளின் ரொம்ப நாணயமா ஒவ்வொரு பேரையும் சொல்றார். ரூபார்ப் விதை இங்கிலிஷ் கொடுத்தது, விவரம் நவரேத்தே எழுதினது, செய்முறை ஃபிளின்ட் சொன்னது. நம்ம ஃபார்வர்டு மெசேஜ்கள்ல இந்த மரியாதையில பத்துல ஒரு பங்கு இருந்தா தேவலை. ஆனா அந்தச் சங்கிலி ஃபிளின்ட்டோட நின்னுடுது. ஃபிளின்ட்டுக்கு அந்தக் கல் எந்திரத்தைக் காட்டினது யாரு, துணி கட்டின சட்டத்துல ஊத்திக் காட்டினது யாரு? சீனாவுல அந்தப் பயறைத் தலைமுறை தலைமுறையா விதைச்சு, பொறுக்கி எடுத்து வச்சவங்க யாரு? அவங்க எல்லாரும் ‘சீனர்கள்’ங்கிற ஒரே சொல்லுக்குள்ள அடங்கிப்போயிட்டாங்க. லியு யாபியன் பேரு நமக்குத் தெரியுதுன்னா, அதுக்குக் காரணம் அவருக்குக் கிடைச்ச தண்டனை.

இப்போ, ‘நம்ம ஊர்லயும் இருக்குன்னு நினைக்கிறேன்’னு ஃபிராங்க்ளின் எழுதினாரே, அந்த வரி. அவர் நினைச்சது சரி. சோயா அவருக்கு முன்னாடியே அமெரிக்கா போயாச்சு. கொண்டுபோனவர் சாமுவேல் போவன்ங்கிற கப்பல்காரர். அவரும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்ல சீனா போனவர், அங்க கைதியா இருந்தேன்னு சொல்லிக்கிட்டவர். 1765-ல அவர் கொடுத்த விதையை ஜார்ஜியாவுல நில அளவைத் தலைவரா இருந்த ஹென்றி யாங் தன் நிலத்துல விதைச்சார். போவன் சவானா பக்கத்துல தோட்டம் வாங்கி, சோயா சாஸும் சேமியாவும் செஞ்சு இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1767-ல அதுக்குக் காப்புரிமையும் வாங்கிட்டார். ஃபிராங்க்ளின் கடிதத்துக்கு மூணு வருஷம் முன்னாடியே அமெரிக்காவுல சோயா சாஸ் வியாபாரம் நடந்திருக்குன்னா நம்புவீங்களா?

இதை 1983-ல ஹைமோவிட்ஸ், ஹார்லன்னு ரெண்டு ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்து எழுதினாங்க. போவனுக்கும் ஃபிளின்ட்டுக்கும் தொடர்பு இருந்ததையும் காட்டினாங்க. அதுவரைக்கும் போவனை யாருமே கண்டுக்கல. காரணம் சாதாரணமானது. போவன் நூறு டாலர் நோட்டுல இல்லை.

அதுக்காக இன்னிக்கு அமெரிக்காவுல இருக்கிற சோயா வயலெல்லாம் போவன் வழி வந்ததுன்னும் சொல்ல முடியாது. அந்த நாடு இப்போ சோயா விளைச்சல்ல பிரேசிலுக்கு அடுத்த இடத்துல இருக்குன்னா, அது 20-ம் நூற்றாண்டு வேலை. எண்ணெய்க்கும் கால்நடைத் தீவனத்துக்கும் சோயா தேவைப்பட்டுச்சு. அமெரிக்க விவசாயத் துறை ஆட்களை அனுப்பிச்சு. டார்செட், மோர்ஸ்னு ரெண்டு பேர் 1929-லேர்ந்து 1931 வரைக்கும் ஜப்பான், கொரியா, சீனான்னு சுத்தி ஏறக்குறைய 4,500 சோயா மாதிரிகளைச் சேகரிச்சாங்க. மறுபடியும் கிழக்காசிய விவசாயிங்க வீட்டு விதைதான்.

சோயா விஷயத்துல ஃபிராங்க்ளினுக்குக் கொஞ்சம் அதிகப் புகழ் கிடைச்சிருக்கு. இன்னொரு விதையில அவருக்குக் கொஞ்சம் அதிகப் பழி. 1772-ல ஜார்ஜியாவுல இருந்த நோபிள் விம்பர்லி ஜோன்ஸ் என்பவருக்கு அவர் சீனத்து மெழுகு மரத்தோட விதையை அனுப்பினார், ரொம்பப் பயனுள்ள மரம்னு எழுதி. அந்த விதை மேல மெழுகு மாதிரி ஒரு கொழுப்பு படிஞ்சிருக்கும், மெழுகுவத்திக்கும் சோப்புக்கும் ஆகும். ஃபிராங்க்ளினோட அப்பா பாஸ்டன்ல மெழுகுவத்தி, சோப்பு செஞ்சு வித்தவர். பையன் பத்து வயசுல அந்தக் கடையில திரி வெட்டினவன். மாட்டுக் கொழுப்பு நாத்தம் மூக்குலேயே இருந்திருக்கும் போல. மரத்துல காய்க்கிற மெழுகுன்னா விடுவாரா?

அந்த மரம் இப்போ அமெரிக்காவோட தெற்குக் கடலோரம் முழுக்கப் பரவி, அங்கத்திய செடிகளை நெருக்கித் தள்ளுது. நம்ம சீமைக் கருவேலம் கதை மாதிரியேதான். ரொம்ப நாள் எல்லாரும் ஃபிராங்க்ளினையே கைகாட்டினாங்க. 2011-ல மரபணு ஆய்வு ஒண்ணு வந்துச்சு. டெக்சாஸ் உள்ளிட்ட வளைகுடாக் கடலோரத்துல பெருகியிருக்கிற மரங்களோட மூதாதை, 1905 வாக்கில் அமெரிக்க அரசாங்கமே இறக்கிக் கொடுத்த விதைன்னு அது காட்டுச்சு. ஃபிராங்க்ளின் அனுப்பின விதையோட வாரிசுகள்னு சொல்லக்கூடியது ஜார்ஜியா, தென் கரோலினா கடலோரத்துல இருக்கிற மரங்கள் மட்டும்தான். பழி முழுசா நீங்கல, பங்கு குறைஞ்சிருக்கு.

கடைசியா ஒரு விதை. இது ஃபிராங்க்ளின் அனுப்பினது இல்லை.

1765 அக்டோபர்ல பார்ட்ரமும் அவர் மகன் வில்லியமும் ஜார்ஜியாவுல ஆல்டமாஹா ஆத்தோரமா போறப்போ, இதுக்கு முன்னாடி பார்க்காத ஒரு சின்ன மரத்தைப் பார்த்தாங்க. சில வருஷம் கழிச்சு வில்லியம் மட்டும் திரும்பப் போனார். அப்போ அது பூத்திருந்துச்சு. வெள்ளைப் பூ, நடுவுல மஞ்சள். விதை எடுத்துட்டு வந்து ஸ்கூல்கில் கரை வீட்டுத் தோட்டத்துல போட்டார். ஜான் பார்ட்ரம் 1777-லேயே இறந்துட்டார், அது தோட்டத்துல பூத்ததை அவர் பார்க்கல. அப்பாவோட நண்பர் பேரையே வில்லியம் அதுக்கு வச்சார்: ஃபிராங்க்ளினியா. 1785-ல அந்தப் பேரு அச்சுல வந்துச்சு.

காட்டுல அந்த மரத்தைக் கடைசியா ஒருத்தர் பார்த்தது 1803-ல. அதுக்கப்புறம் எத்தனையோ பேர் ஆல்டமாஹா கரையில தேடிட்டாங்க, ஒண்ணுகூட கிடைக்கல. இன்னிக்கு உலகத்துல எந்தத் தோட்டத்துல ஃபிராங்க்ளினியா இருந்தாலும், அது வில்லியம் கொண்டுவந்த விதையோட வழித்தோன்றல்தான். அந்தத் தோட்டம் ஃபிலடெல்ஃபியாவுல இப்பவும் இருக்கு, பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். கோடைக் கடைசியில, ஆகஸ்ட் வாக்கில் போனா அது பூத்திருக்கும். ஃபிலடெல்ஃபியா பக்கம் இருக்கிற நேயர்கள் யாராவது போனா, படம் எடுத்து அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.